கொம்தாரின் ஐந்து கட்டங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உயரக் கோபுரமும் கடைத்தளமுமாக நிற்கும் கொம்தார் வளாகம் 1986-இல் கட்டி முடிக்கப்பட்டது என்று குறிப்புகளில் இருக்கும். கோபுரத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 1974-இல் தொடங்கிய திட்டத்தில் கோபுரம் ஒரு பங்குதான். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் நடுவே ஏறக்குறைய 27 ஏக்கர் நிலத்தை ஐந்து கட்டங்களாக மாற்றி எழுப்புவதுதான் ஏற்பாடு. மூன்றாம் கட்டமான பிராங்கின் மால் 2001-இல் வந்தது. நான்காம் கட்டமான ஃபர்ஸ்ட் அவென்யூ பேரங்காடி 2010-இல் வந்தது. ஐந்தாம் கட்டம் வரவே இல்லை. அதற்கென ஒதுக்கிய இடத்தில் இன்று தொல்லியல் பூங்கா இருக்கிறது. கொம்தாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் கதை கீழே, கடைத்தளங்களிலும் சுற்றுச் சாலைகளிலும்தான் நடந்திருக்கிறது, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் 1969-க்குப் போக வேண்டும். 1786 முதல் சுங்கத் தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்த ஊர் பினாங்கு. அந்தத் தகுதி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1969-இல் முழுதாகப் போனது. சரக்கு இறக்கி ஏற்றி, மாற்றி விற்றே பிழைத்த ஊருக்கு அது பெரிய அடி. வேலையில்லாதவர்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள். அதே ஆண்டு கெராக்கான் கட்சியின் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். 1990 வரை அந்தப் பதவியில் இருந்தார். வந்த கையோடு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். கழகத்துக்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, தெற்கே பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம். 1972-இல் இன்டெல் அங்கே தொழிற்சாலை திறந்தது, மற்ற மின்னணு நிறுவனங்களும் தொடர்ந்து வந்தன. இன்னொன்று நகர நடுவிலேயே ஒரு புதிய மையம். அதுதான் கொம்தார்.

தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே போனால் நகரம் காலியாகிவிடும் என்ற கவலை அப்போது இருந்தது. அரசு அலுவலகம், கடை, பேருந்து நிலையம், மண்டபம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் நகரத்தின் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் உலகின் பல நகரங்களில் இருந்த நம்பிக்கை இது. அடித்தளம் போட ஆரம்பித்தபோது எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியிருந்தது. இரும்பும் சிமெண்டும் விலை ஏறிய அந்த நேரத்தில் மலேசியாவின் மிக உயரமான கட்டடத்தைத் தொடங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்று புரியும்.

இடத்தைத் தேர்ந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. பினாங்கு ரோடு, மெகசின் ரோடு, பிராங்கின் ரோடு இவற்றுக்கு நடுவே உள்ள நிலம் அது. சாலைகள் கூடும் மெகசின் சந்திப்பை மலாய்க்காரர்கள் இன்றும் சிம்பாங் எனாம், அதாவது ஆறு முனைச் சந்திப்பு, என்றுதான் சொல்வார்கள். ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ், புலாவ் டிக்குஸ் எங்கிருந்து வந்தாலும் நகரத்துக்குள் நுழைகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தே தீர வேண்டும். நுழைவாயிலில் கட்டடத்தை வைத்தால் ஆட்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்த ஒரு முடிவு மட்டும் ஐம்பது ஆண்டுகளாகப் பொய்க்கவில்லை.

அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. இரண்டு மாடிக் கடைவீடுகளும், ஐந்தடி நடைபாதைகளும், சந்துகளும், தொழிற்பட்டறைகளும் நெருக்கமாக இருந்த இடம். கிளாட்ஸ்டோன் ரோடு என்ற ஒரு சாலையே வரைபடத்திலிருந்து மறைந்துபோனது. இவ்வளவு பெரிய நிலத்தை நகர நடுவில் எப்படி எடுக்க முடிந்தது என்பதை விளங்கிக்கொள்ள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது. குடியிருப்பவரை வெளியேற்றுவதும் எளிதல்ல. அப்போதிருந்த 1966 சட்டத்தின் சாரம் இதுதான். ஜார்ஜ்டவுனில் பல ஆயிரம் கட்டடங்கள் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. வீட்டுக்காரருக்கு வரும் வாடகை கூரை ஓடு மாற்றக்கூடக் காணாது. ஆகவே அவர் பழுது பார்க்கமாட்டார். முதல் குடியிருப்பாளர் அந்தச் சொற்ப வாடகையைக் கட்டிவிட்டு, வீட்டைப் பலகையால் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். அவருக்குக் கிடைக்கும் வருமானம் வீட்டுக்காரருக்குக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும். ஒரு கடைவீட்டில் ஐந்தாறு குடும்பங்கள், ஒரே கிணற்றடி, ஒரே சமையற்கட்டு. வெளியிலிருந்து பார்க்கிற திட்ட அதிகாரிக்கு அது இடிந்துபோன சேரியாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தொழிலும் வீடும் வாடிக்கையாளரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் அது.

அரசு நிலம் எடுக்கும்போது இழப்பீடு நிலச் சொந்தக்காரருக்குத்தான் போகும். உள்வாடகைக்காரருக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. கைவினைஞர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் புதிய வளாகத்தில் இடம் தருவதாகச் சொன்னாலும், புதிய கட்டடத்தின் வாடகை பழைய வாடகையோடு ஒப்பிட முடியாதது. தகரம் தட்டுகிறவரும் மரம் இழைக்கிறவரும் குளிரூட்டிய தளத்தில் தொழில் செய்யவும் முடியாது. சத்தம், தூசு, சரக்கு வண்டி என்று மூன்றுக்கும் அங்கே வழியில்லை. அந்தத் தொழில்கள் சிதறின. பல அத்தோடு நின்றே போயின. கொம்தாரின் மீது நான் வைக்கும் முதல் குறை இதுதான். உயரமோ அழகோ எனக்கு இரண்டாம் பட்சம்.

கோபுரம்

1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பணியைத் தொடங்கிவைத்தார். 1976 ஜனவரியில் அவர் லண்டனில் காலமானார். அவர் நினைவாகவே வளாகத்துக்குக் கொம்ப்ளெக்ஸ் துன் அப்துல் ரசாக் என்று பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் கொம்தார்.

வடிவமைத்தவர் லிம் சோங் கியாட், முதலமைச்சரின் தம்பி. உறவு முறையை வைத்து மட்டும் அவரை எடைபோடக் கூடாது. மான்செஸ்டரிலும் அமெரிக்காவில் எம்ஐடியிலும் படித்தவர். 1965-இல் திறந்த சிங்கப்பூர் மாநாட்டு மண்டபம் அவர் பங்காளியாக இருந்த நிறுவனத்தின் வேலை. ஜூரோங் நகர மண்டபம், அவர் பிறகு தொடங்கிய ஆர்க்கிடெக்ட்ஸ் டீம் 3-இன் வேலை. அந்த இரண்டு கட்டடங்களையும் சிங்கப்பூர் தேசியச் சின்னங்களாகவே பாதுகாக்கிறது. பிற்காலத்தில் அவர் பனைவகைத் தாவரங்களை ஆராய்ந்து தாவரவியலாளர்களிடையே பெயரெடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அவர் போட்ட திட்டம் இது: அடியில் சாலையிலிருந்து சாலை வரை பரந்த நான்கு மாடித் தளம். அதற்குள் கடைகள், நடைவழிகள், பேருந்து நிறுத்தம். அதன்மேல் ஓரமாக 65 மாடிக் கோபுரம், சுமார் 232 மீட்டர். இன்னொரு பக்கம் முக்கோணங்களால் ஆன ஒரு கவிமாடம்.

கோபுரம் தூரத்திலிருந்து உருண்டையாகத் தெரியும். கிட்டப்போய் எண்ணினால் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கும். இந்த வடிவத்துக்குக் காரணங்கள் உண்டு. ஒரே பரப்பளவுள்ள சதுரத் தளத்தோடு ஒப்பிட்டால் பன்னிரு கோணத் தளத்தின் சுற்றளவு ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. வெளிச்சுவர் குறைந்தால் செலவு குறையும். வெயில் உள்ளே இறங்கும் பரப்பும் குறையும். காற்றும் கூர்மூலையில் மோதிச் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் மின்தூக்கி, படிக்கட்டு, கழிப்பறை, குழாய் எல்லாம் அடங்கிய கரு, சுற்றிலும் அலுவலகம். எந்த மேசையிலிருந்தும் மின்தூக்கிக்கு ஏறக்குறைய ஒரே தூரம்.

குறைகளும் இதே வடிவத்திலிருந்துதான் வருகின்றன. பன்னிரு கோணத்தின் உள்மூலை 150 பாகை. செங்கோண அலமாரியோ மேசையோ அந்த மூலையில் ஒட்டி உட்காராது. பின்னால் முக்கோணமாக இடம் வீணாகும். அறை தடுத்தால் ஆப்பு வடிவில் வரும், உள்ளே குறுகல், வெளியே அகலம். எந்தத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால், மின்தூக்கியை விட்டு வெளியே வந்து ஒரு சுற்று நடந்தவருக்கு எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் மலை என்றே பிடிபடாது. வட்டக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இது. சன்னல் வழியே பினாங்கு மலை தெரிந்தால் மேற்கு, கப்பல் தெரிந்தால் கிழக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு உயரத்தில் தண்ணீர் ஒரு தனிப் பாடம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது எளிய கணக்கு. 232 மீட்டர் உச்சியிலிருந்து ஒரே குழாயில் தண்ணீர் இறக்கினால் அடியில் 23 பார் அழுத்தம் நிற்கும். வீட்டுக் குழாயும் மூடியும் மூன்று நான்கு பாருக்குச் செய்தவை, தாங்காது. அதனால்தான் உயரக் கட்டடங்களில் தண்ணீரை ஒரே மூச்சில் ஏற்றி இறக்குவதில்லை. நடுநடுவே இயந்திர மாடி வைத்து, தொட்டி கட்டி, ஒவ்வொரு தொட்டியும் தனக்குக் கீழே உள்ள சில மாடிகளுக்கு மட்டும் ஊட்டும்படி பிரிப்பார்கள். மின்தூக்கிகளுக்கும் அதே முறை: தாழ் மாடிகளுக்கு ஒரு வரிசை, உயர் மாடிகளுக்கு ஒரு வரிசை. ஒரு வரிசையில் ஒன்று பழுதானால் மற்ற வரிசையில் பெட்டி காலியாக நின்றாலும் உதவாது. வயதான கோபுரங்களில் காலை எட்டு மணிக்கு மின்தூக்கி முன்னே கூட்டம் தேங்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிரிவினைதான். பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறை சொல்வது பாதி உண்மை.

1983 ஜனவரியில், கோபுரம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தபோதே மேல் மாடிகளில் தீப்பிடித்தது. கட்டுமானத்தில் இருக்கும் உயரக் கட்டடத்தில் தீயை அணைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டியின் ஏணி சில பத்து மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேலே கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் நீரேற்றக் குழாயைத்தான் நம்ப வேண்டும். அந்தக் குழாயும் பம்பும் தொட்டியும் இன்னும் முழுதாகப் பொருத்தப்படாத கட்டடத்தில், வீரர்கள் குழாய்ச் சுருளைத் தோளில் சுமந்து படியேறிப் போக வேண்டும். சுவரும் கண்ணாடியும் இன்னும் வைக்காத மாடிகளில் காற்று தாராளமாக அடிக்கும். வார்ப்புப் பலகை, சாரக்கட்டு மரம், வண்ணப்பூச்சு, பொதி அட்டை எல்லாம் எரிவதற்குத் தயாராகக் குவிந்திருக்கும். மாடிகளுக்கிடையே குழாய் போக விட்ட துளைகள் இன்னும் அடைக்கப்படாமல் புகைபோக்கி போல் வேலை செய்யும்.

அடுத்த ஆண்டு வந்த 1984 ஒருசீர் கட்டட விதிகளைப் பார்த்தால் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. உச்சி மாடி 18.3 மீட்டரைத் தாண்டினால் உலர் நீரேற்றக் குழாய் வேண்டும், 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் நீர் நிறைந்த குழாய் வேண்டும். நீர் நிறைந்த குழாயை 61 மீட்டருக்கு ஒரு நிலையாகப் பிரிக்க வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும்போதும், எழும்பும் உச்சி மாடிக்கு இரண்டு மாடி கீழே வரை குறைந்தது ஒரு குழாயாவது வேலை செய்யும் நிலையில், படிக்கட்டை ஒட்டி இருக்க வேண்டும். பம்பும் தொட்டியும் கூடவே தயாராக வேண்டும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இந்த இரண்டு மாடிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குழாய் ஐந்து மாடி பின்தங்கியிருந்தால் மேற்பார்வையாளரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கோபுரம் 1986-இல் முடிந்தது. 1988-இல் கோலாலம்பூரின் மேபேங்க் கோபுரம் 244 மீட்டருக்கு எழும்பும் வரை மலேசியாவின் மிக உயரமான கட்டடம் இதுதான். தலைநகரத்தில் இல்லாத உயரம் ஒரு மாநில ஊரில் இருந்தது. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தில் நிலப்பகுதியிலிருந்து வருகிறவர்களுக்குத் தீவில் முதலில் கண்ணில் படுவதும் இந்தக் கோபுரம்தான்.

கவிமாடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக மனமில்லை. லிம் சோங் கியாட் அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் நண்பர். முக்கோணச் சட்டங்களால் கோளம் கட்டும் முறையைப் பரப்பியவர் ஃபுல்லர். சதுரச் சட்டத்தை ஒரு மூலையில் அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணத்தைச் சாய்க்க முடியாது, கம்பி முறிந்தால்தான் வடிவம் மாறும். முக்கோணங்களையே கோளமாகக் கோத்தால் பாரம் ஒரே இடத்தில் தங்காமல் எல்லாக் கம்பிகளுக்கும் பரவும். நடுவில் தூணே வேண்டாம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானின் பெயரில் டேவான் துங்கு என்ற மண்டபமாக இருந்த அந்தக் கவிமாடத்தில் 2016 முதல் டெக் டோம் அறிவியல் மையம் இயங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே இருக்கும் இயந்திரங்களைக் காட்டிவிட்டு, கூரையையும் ஒரு முறை காட்டுங்கள். அந்த இடத்தின் மிகச் சிறந்த அறிவியல் பாடம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. இந்த வகைக் கூரைக்கு ஒரு பொதுக் குறை உண்டு: முக்கோணம் கூடக்கூட இணைப்பு விளிம்புகள் கூடும். வெயிலில் உலோகம் விரிந்து மழையில் சுருங்கும்போது விளிம்பில் உள்ள பசை விட்டுப்போகும், அங்கேதான் ஒழுகும். நம் ஊர் வெயிலும் மழையும் ஒரே நாளில் வருபவை. பராமரிப்பு ஆட்கள் பழுது பார்க்க வேண்டியது பெரும்பாலும் அந்த விளிம்புகளைத்தான்.

கடைத்தளம்

ஆரம்பத்தில் கூட்டம் அலைமோதியது. ஜப்பானிய யாவோஹான் பேரங்காடி இங்கே கடை விரித்தது. குளிரூட்டிய இடத்தில் ஒரே கூரையின்கீழ் எல்லாம் வாங்கலாம் என்பது 1980-களின் பினாங்குக்குப் புதுமை. 1997-இல் ஜப்பானில் யாவோஹான் நொடித்துப்போனது, ஆசிய நிதி நெருக்கடியும் அதே ஆண்டு வந்தது. 2001-இல் கர்னி பிளாசா திறந்தது. 2006-இல் குயின்ஸ்பே மால் திறந்தது. காசுள்ள கூட்டம் கடற்கரைப் பக்கம் நகர்ந்துவிட்டது.

பழையதாகிவிட்டது, அதனால் கூட்டம் குறைந்தது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதாது. கொம்தாரிலும், மூன்றாம் கட்டமாக எதிரே வந்த பிராங்கின் மாலிலும் கடைகள் பல தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன. கர்னி பிளாசாவோ ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்று பாருங்கள்.

ஒரே கை என்றால் எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்யும். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்து மூலையில் வைக்கும். போகிற வழியில் உள்ள சிறிய கடைகளிடம் கூடுதலாக வாங்கிச் சரிக்கட்டும். பல சொந்தக்காரர்கள் என்றால் அது நடக்காது. ஒவ்வொருவரும் யார் அதிக வாடகை தருகிறாரோ அவருக்கே விடுவார். ஒரே வரிசையில் பத்து கைப்பேசிக் கடைகள் வருவது இப்படித்தான். பொது இடத்தைப் பராமரிக்க மாதக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் அந்தக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதியாகவும் கட்ட வேண்டும். கடை பூட்டிக் கிடக்கும் சொந்தக்காரர் கட்டணம் கட்டமாட்டார். நிதி குறையும். மின்படிக்கட்டு நின்றால் சரிசெய்யக் காசிருக்காது. மின்படிக்கட்டு ஓடாத தளத்துக்கு ஆள் ஏறமாட்டார். அந்தத் தளத்தில் இன்னும் சில கடைகள் பூட்டும். சிறு முதலீட்டாளர்களுக்குக் கடை விற்கும் எந்த வளாகத்தையும் பாருங்கள், சரிவு இந்த வரிசையில்தான் வரும். கடை வாங்க நினைக்கிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் பராமரிப்புக் கட்டண நிலுவை எவ்வளவு என்று கூட்டு நிர்வாக அமைப்பிடம் கேளுங்கள்.

பிறகு கொம்தார் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இரண்டு காரணங்கள், இரண்டும் 1974 திட்டத்திலேயே இருந்தவை. முதலாவது, அரசு. முதலமைச்சர் அலுவலகம் 28-ஆம் மாடியில் இருக்கிறது. மாநிலத் துறைகளும் மாநகர் மன்றமும் பல மாடிகளில் பரவியிருக்கின்றன. வரி கட்ட, உரிமம் எடுக்க, மனு கொடுக்க மக்கள் தினமும் வந்தாக வேண்டும். 2008-இலிருந்து 2023 வரை இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமியின் அலுவலகமும், இந்து அறப்பணி வாரியத்தின் அலுவலகமும் இங்கேதான் என்பதால், கோவில் காரியமாகவும் கல்வி உதவிக்காகவும் பினாங்குத் தமிழர்கள் பலர் இந்த மின்தூக்கிகளில் ஏறியவர்கள். இரண்டாவது, பேருந்து. வெளியூர்ப் பேருந்துகள் சுங்கை நீபோங்குக்குப் போன பிறகும் ரேபிட் பினாங்கு வழித்தடங்களில் மிகப் பல கொம்தாரைத் தொட்டுத்தான் போகின்றன. வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து நகரம் சுற்றும் இலவச CAT பேருந்தும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கடைத்தளத்தைப் பார்த்தால் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியத் தொழிலாளர்கள் நிறைந்திருப்பார்கள். பணம் அனுப்பும் கடை, கைப்பேசிக் கடை, தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று அவர்களுக்கு வேண்டியது இங்கே கிடைக்கிறது. பேரங்காடியாகத் தோற்றது என்று எழுதுகிறவர்கள் இந்த மக்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம்.

2010-களில் மாநில அரசு கோபுரத்தின் உச்சியையும் கடைத்தளத்தின் ஒரு பகுதியையும் ஒன்லி வேர்ல்ட் குழுமத்திடம் விட்டது. உச்சியில் மூன்று தளங்கள் கூடின. உயரம் 249 மீட்டரானது. 68-ஆம் தளத்தில் உள்ள கண்ணாடி நடைபாதை 2016 இறுதியில் திறந்தது. இத்தகைய நடைபாதைக்குக் கண்ணாடித் தகடுகளைப் பல அடுக்காக, நடுவே ஒட்டுப்படலம் வைத்துச் சேர்ப்பார்கள். மேல் அடுக்கு உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டி நிற்கும், கீழ் அடுக்குகள் பாரத்தைத் தாங்கும். மேல் அடுக்கில் கீறல் விழுவதைத் தவிர்க்கத்தான் காலணிக்கு உறை கொடுக்கிறார்கள்.

உயரத்தில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று நிலநடுக்கம். பினாங்கு நிலநடுக்கப் பிளவின் மேல் இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 26-இலும் 2012 ஏப்ரல் 11-இலும் சுமத்ராவில் பூமி அதிர்ந்தபோது இங்கே உயர்மாடிகளில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து கீழே இறங்கினார்கள். பக்கத்துக் கடைவீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தூரத்து நிலநடுக்கத்தில் வேகமான சிற்றதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். ஆடி அசையும் நெடிய அலைகள் மட்டும் வந்து சேரும். இரண்டு மாடி வீடு நொடிக்குப் பல முறை அதிரும் தன்மையுள்ளது. அந்த அலைக்கு அது அசையாது. அறுபது மாடிக் கோபுரம் ஒருமுறை ஆடித் திரும்பவே ஐந்தாறு நொடி எடுக்கும். அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் பொருந்தும்போது ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஆட்டம் கூடும். தொங்கும் விளக்கு ஆடினால் பதறாமல் மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டில் இறங்குங்கள். ஆட்டத்தில் மின்தூக்கியின் கம்பிவடங்கள் சுவரில் மோதிச் சிக்கிக்கொள்ளும்.

வராத கட்டம்

கோபுரம் முடிந்த அதே 1986-இல்தான் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை அமைந்தது. ஊரின் நடுவே இத்தனை தெருக்கள் மறைந்ததை நேரில் பார்த்த தலைமுறை அது. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997-இல் வந்து 1999 முடிவோடு பாதுகாப்பு முழுதாக விலகியது. பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேற நேர்ந்தது, ஆனால் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. காப்புப் பகுதி மொத்தம் 259.42 ஹெக்டர், அதற்குள் 18 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. கொம்தார் அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே, சாலையின் மறுபக்கத்தில் நிற்கிறது. ஐந்தாம் கட்டத்துக்கு ஒதுக்கியிருந்த நிலம்தான் சியா போய் எனும் பழைய சந்தை. சந்தை 2004-இல் இடம் மாறியது. அந்த நிலத்தில் கட்டடம் எழும்பியிருந்தால் இன்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். 2015-இல் மண்ணைத் தோண்டியபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரின் எல்லையாக இருந்த பிராங்கின் கால்வாயின் கல் கட்டுமானம் வெளிப்பட்டது. 2019-இல் அது நகரத் தொல்லியல் பூங்காவாகத் திறந்தது. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது; மாலையில் பிள்ளைகள் கரையோரம் உட்கார்ந்து மீனுக்குத் தீனி போடுகிறார்கள். திட்டம் தாமதமானதால் கிடைத்த இடம் இது, அதில் சந்தேகமில்லை.

2025 ஜனவரியில் முத்தியாரா எல்ஆர்டி எனும் இலகு ரயில் தடத்தின் வேலை தொடங்கியது. தெற்கே கடலைத் தூர்த்து உருவாகும் தீவிலிருந்து கொம்தார் வரை வந்து, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலைச் சேரும் தடம் அது. நிலையம் வந்தால் நடைப்பயணிகள் எந்த மட்டத்தில், எந்தப் பக்கமாகக் கடைத்தளத்துக்குள் நுழைவார்கள் என்பதை இப்போதே கேட்டுத் தீர்க்க வேண்டும். பிராங்கின் மாலுக்கும் ஃபர்ஸ்ட் அவென்யூவுக்கும் போகும் மேம்பாலங்கள் சாலைக்கு மேலே இருக்கின்றன, பேருந்துகள் தரையில் நிற்கின்றன, அரசுச் சேவை முகப்புகள் மூன்றாம் தளத்தில் இருக்கின்றன. இந்த மூன்று மட்டங்களையும் மின்படிக்கட்டு நிற்காமல் ஓடும்படி இணைத்தால் பூட்டிக் கிடக்கும் கடைகளில் பாதி தானாகத் திறக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ஒரு சாய்தளமாவது தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் வேண்டும். இதை மாநகர் மன்றத்துக்கு எழுதிக் கேட்க விரும்புகிறவர்கள் அலைய வேண்டியதில்லை, அவர்கள் அலுவலகம் இதே கோபுரத்தில்தான் இருக்கிறது.